மூன்று மணிக்கு எழுப்புவது யார்

கிறிஸ்துமஸ் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இராணுவ நிலத்து மரங்கள் பக்கமிருந்து வருகிற காற்றுக்கு எங்கள் பேட்டையான லோத்குண்டாவே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்திருக்கும். எங்கள் சந்தில் ஒரு வீட்டில் மட்டும் ஃபேன் ஐந்தில் ஓடும். அது சபீனா வீடு. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர்தான் என்பதால் அங்கே நடக்கிற சண்டை எனக்கு அப்படியே கேட்கும்.

"ஏய் சபீ, ஜனவரி மாசம்டி இது. உனக்கு மட்டும் என்ன மே மாசமா?"

"எனக்கு உள்ளே அடுப்பு எரியுதுங்க. நீங்க கம்பளிய மூக்கு வரைக்கும் இழுத்துக்கங்க."

"மூக்கு வரைக்கும் இழுத்தா மூச்சு எங்கிருந்து விடுறது?"

"நக்கோ, வேணாம். பேசாம தூங்குங்க."

அவள் புருஷன் துரைராஜ் எழுந்து போய் ஃபேனை ஒன்றில் வைப்பார். அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் இவள் எழுந்து ஐந்தில் வைப்பாள். காலையில் இரண்டு பேர் முகத்திலும் தூக்கம் இருக்காது.

சபீனாவுக்கு ஐம்பத்தொரு வயது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். தாத்தா குடியாத்தத்திலிருந்து பட்டறை வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே பட்டறை. துரைராஜும் அதே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்ததிலிருந்து இந்தத் தெலுங்கு ஊரிலேயே இருப்பதால் அவள் தமிழுக்குள் தெலுங்கும் உருதும் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். போலாரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் பதினெட்டு வருஷமாக ஆயாவாக இருக்கிறாள்.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. அதை அவளேதான் போட்டுக்கொண்டாள். ஸ்டாப் வந்ததும் பிள்ளையின் தோளில் கை வைப்பாள். கீழே நிற்கிறவர் பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கையை எடுப்பாள். ஒரு நாள் ஒரு இராணுவ அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இவளோட அப்பா" என்று அவர் இந்தியில் கத்தினார். "அப்பான்னா பேர் தெரிஞ்சிருக்குமே சார்" என்று இவளும் இந்தியிலேயே சொன்னாள். அவர் சொன்னார். பிள்ளையை இறக்கிவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு பிள்ளைகூடத் தப்பான கைக்குப் போனதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. மாதவிலக்கு நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. படுத்ததும் தூங்கிவிடுவாள். நடு ராத்திரிக்கு மேல் யாரோ உள்ளே தீக்குச்சி கிழித்ததுபோல் மார்பிலிருந்து சூடு கிளம்பிக் கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும். நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிஷத்தில் சூடு இறங்கி வேர்வை குளிர்ந்து நடுக்கம் வரும். அதற்குப் பிறகு தூக்கம் வராது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். எப்போது மணி பார்த்தாலும் மூன்று. ஐந்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

தண்ணீர் பிடிக்கும்போது இதை என்னிடம் சொன்னாள். அப்போது நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

"மூணு மணிக்கா? தினமுமா? சபீனா, ஆண்டவர் உன்னை ஜெபத்துக்கு எழுப்புறார்டி."

நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் தமிழ்ச் சபையில் எல்லோரும் நம்புவதுதான் இது. காரணமில்லாமல் அந்த நேரத்தில் ஒருவருக்கு விழிப்பு வந்தால், மேலே இருப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். அப்படி எழுப்பப்பட்டவர்களை நாங்கள் மரியாதையாகப் பார்ப்போம். எனக்கு ஒரு நாளும் அப்படி விழிப்பு வந்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

சபீனாவின் முகம் மாறிவிட்டது. "ஹவ் அக்கா? நிஜமாவா, என்னையா?" என்றாள். குடம் நிரம்பித் தண்ணீர் வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

லெந்து காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும் எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் சங்கிலி ஜெபம் வைப்போம். ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் ஆளுக்கு ஒரு மணியாகப் பிரித்துக்கொண்டு அவரவர் வீட்டில் ஜெபிப்பது. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும், நடுவில் அறுந்துவிடக் கூடாது. யாருக்கு எந்த மணி என்று எழுதிவைக்கிற நோட்டு என்னிடம் இருக்கும். காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போட்டி நடக்கும். விடியற்காலை மூன்று மணிக் கட்டம் ஒவ்வொரு வருஷமும் காலியாகக் கிடக்கும், கடைசியில் ஐயரம்மாவே அதை எடுத்துக்கொள்வார்கள். எங்கள் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா.

"மூணு மணி எனக்கு எழுதுங்க அக்கா. நாப்பது நாளும். பிரசன்னாவுக்காக நேந்துக்கிறேன்" என்றாள் சபீனா.

பிரசன்னா அவளுடைய ஒரே மகள். மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. போன வருஷம் மூன்றாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்துபோனது. இப்போது மறுபடி உண்டாகி ஆறாம் மாதம். சபீனா மனதில் என்ன ஓடியது என்று சொல்லத் தேவையில்லை. ஆண்டவரே எழுப்புகிறார், பேரப்பிள்ளையும் கேட்டபடி வரும், நாற்பது நாள் பொருத்தனையை முடித்தால் போதும்.

முதல் பத்து நாள் அவளுக்குப் பெருமையாகவே போனது. ஐக்கியக் கூட்டத்தில் ஐயரம்மா அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "நம்ம மூணு மணி சபீனா" என்றார்கள். பெண்கள் தங்கள் கஷ்டங்களைச் சீட்டில் எழுதி அவளிடம் கொடுத்தார்கள்.

ஆனால் பகல் வேறு மாதிரி இருந்தது. மூன்று மணிக்கு எழுந்தால் கண் சொருகாமலிருக்கக் கெட்டியாக ஒரு டீ. நாலு மணிக்கு இன்னொன்று. படுத்தால் வராது என்று அப்படியே சமையலைத் தொடங்குவாள். பள்ளியில் மற்ற ஆயாக்களோடு இரண்டு டீ. சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் சோபாவில் விழுவாள். ராத்திரித் தூக்கம் குறைகிறதே என்று எட்டு மணிக்கே படுக்கைக்குப் போவாள், பத்து மணிவரை புரளுவாள். சூடு, சூடு என்று நாங்களும் சும்மா இருந்தோமா? நான் உச்சந்தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னேன். ஒருத்தி வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், ஒருத்தி சப்ஜா விதை, ஒருத்தி பார்லிக் கஞ்சி. எல்லாவற்றையும் படுக்கும் முன் சொம்பு சொம்பாகக் குடித்தாள். விளைவு, மூன்று மணிக்கு ஒரு தடவை எழுந்தவள் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் பாத்ரூமுக்கு எழுந்தாள்.

"ராத்திரியெல்லாம் வீட்டுக்குள்ள பரேடு நடக்குது ஸ்டெல்லா" என்று துரைராஜ் என்னிடம் வருத்தப்பட்டார். "இவ தூங்கி நான் பாத்து எவ்வளவு நாளாச்சு. கேட்டா ஊழியம்ங்கறா."

அவள் குணமும் மாறிக்கொண்டு வந்தது. ரசத்தில் உப்பு இல்லை என்று அவர் சொன்னதற்கு அழுதாள். சந்தில் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தால் தூக்கிப்போடும். ஒரே இடத்தில் உட்காரமாட்டாள். உட்கார்ந்தால் அந்த நிமிஷமே தலை சாய்ந்துவிடும்.

பதினெட்டாம் நாள் அப்படித்தான் தலை சாய்ந்தது.

சாயங்கால டிரிப். போலாரத்தில் கிளம்பிய பஸ் அல்வால் நோக்கி வந்துகொண்டிருந்தது. வாசலுக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்தவள் கம்பியில் தலையை முட்டுக்கொடுத்துத் தூங்கிவிட்டாள். லோத்குண்டா ஸ்டாப்பில் பஸ் நின்றது. பெரிய வகுப்புப் பெண்கள் மூன்று பேர் தாங்களாகவே இறங்கினார்கள். அவர்கள் பின்னாலேயே ஆத்யா என்கிற யூகேஜி குழந்தையும் இறங்கிவிட்டது. அதன் வீடு அடுத்த ஸ்டாப். பஸ் கிளம்பியது. அடுத்த ஸ்டாப்பில் பிரேக் போட்டபோதுதான் சபீனா கண் விழித்தாள். கீழே ஆத்யாவின் அம்மா நின்று, பழக்கப்படி, கேட்காமலே பெயரைச் சொன்னார். "ஆத்யா."

சபீனா திரும்பிப் பார்த்தாள். ஸீட்டில் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

டிரைவர் முகமது யூசுப் அந்த நெரிசலில் பஸ்ஸைத் திருப்பினார். குழந்தை இளநீர்க் கடை நிழலில் நின்றுகொண்டிருந்தது. இறங்கிய பெண்களில் ஒருத்தியின் அம்மா கையைப் பிடித்து வைத்திருந்தார். குழந்தை அழக்கூட இல்லை. பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் அந்தச் சாலையில் எத்தனை லாரி போயிருக்கும் என்று சபீனா என்னிடம் பலமுறை சொல்லிவிட்டாள்.

மறுநாள் வண்டிகளுக்குப் பொறுப்பாளரான கிருஷ்ணமூர்த்தி அவளைக் கூப்பிட்டார். திருச்சிக்காரர், இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், கத்திப் பேசமாட்டார்.

"பதினெட்டு வருஷ சர்வீஸ்மா உங்களுக்கு. அதனாலதான் வெறும் மெமோ. இன்னொரு தடவை நடந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. புரியுதா?"

"புரியுது சார்."

"ராத்திரி தூங்குறீங்களா இல்லையா?"

"ஜெபம் சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம்தான் வந்தாள். "மூணு மணிய விட்டுடு சபீனா. மிச்சத்தை நான் எடுத்துக்கிறேன்" என்றேன்.

"எப்படி அக்கா? நேந்துக்கிட்டது நான். பாதியில விட்டுட்டு, அங்க பிரசன்னாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" அதற்கு மேல் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். ஜெபத்தை விட்டால் மகள் வயிற்றுப் பிள்ளை. விடாவிட்டால் பஸ்ஸில் இருக்கிற முப்பத்தாறு பிள்ளைகள்.

அடுத்த இரண்டு நாளும் பஸ்ஸில் அவள் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு வழியும் நின்றாள். யூசுப் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, "கைக்கு நிக்கறே பஹென்? பைட்டோ" என்பார், ஏன் நிற்கிறாய், உட்கார் தங்கச்சி என்று. இவள் தலையை ஆட்டிவிட்டு நிற்பாள். நின்றபடியே ஒரு தடவை கண் சொருகிவிட்டது.

இந்தச் செய்தியை மகளுக்குச் சொன்னது துரைராஜ். பிரசன்னா போனிலேயே அல்வாலில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். அவளுக்கு நாம் பேசும் தமிழ் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும், கோபம் வந்தால் இங்கிலீஷும் சேர்ந்துகொள்ளும். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"மம்மீ, நா பேபி கோசம் நுவ்வு நித்ர மானேயகு, ப்ளீஸ்."

என் குழந்தைக்காக நீ தூக்கத்தை விடாதே என்று அர்த்தம். "சரிடி, சரிடி" என்று போனை வைத்துவிட்டாள் சபீனா.

டாக்டர் பூர்ணாவிடம் நான்தான் கூடப் போனேன். நாற்பது வயது இருக்கும், தெலுங்குப் பெண். வேர்வை எப்போது, மாதவிலக்கு நின்று எத்தனை மாதம், நெஞ்சு அடித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சபீனா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் தெலுங்கில் மெதுவாகச் சொன்னாள். "ஆனா மேடம், இது வியாதி இல்ல. தேவுடு என்னை எழுப்புறார்."

டாக்டர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. "எழுப்பட்டும்மா. எழுப்புறதுக்கு முன்னாடி நைட்டி நனையிற அளவுக்கு வேர்க்க வைக்கிறதும் அவர்தானா?" என்றார்.

சபீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க உங்க வயசுல வர்றவங்கள்ல பாதிப் பேர் இதையே சொல்றாங்க. ரெண்டு மணி, மூணு மணி. ஒருத்தி பேய்ங்கறா. ஒருத்தி மாமியார் செய்வினைங்கறா. மாதவிலக்கு நிக்கிற சமயத்துல உடம்புல ஹார்மோன் சுரக்கிறது குறையுது, அதுல சூடு கிளம்புது, விழிப்பு வருது. அது உடம்போட வேலை. ஆனா அந்த நேரத்துக்கு எழுந்து, லைட்டைப் போட்டு, டீ குடிச்சு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தினமும் அப்படியே செஞ்சு, மூணு மணின்னா எழுந்திருக்கணும்னு உடம்புக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது நீங்கதான்."

பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். மத்தியானத்துக்குப் பிறகு டீ கிடையாது. பகலில் படுக்கக் கூடாது. எட்டு மணிக்குப் படுக்கைக்குப் போகாமல், தூக்கம் கண்ணை அழுத்துகிறபோது, பத்தரைக்கு மேல் போக வேண்டும். எப்படித் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் காலையில் ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்தான். நடுவில் விழிப்பு வந்து கொஞ்ச நேரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால், மணி பார்க்காமல் எழுந்து மங்கல் வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார வேண்டும், கண் சொருகினால் மறுபடி படுக்க வேண்டும். பருத்தித் துணி. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஈரத்துண்டு. ராத்திரிக் கஞ்சித் தண்ணீர் எல்லாம் நிறுத்தம். தைராய்டுக்கும் ரத்தத்துக்கும் பரிசோதனை எழுதினார். "ஒரு மாசம் பாருங்க. சூடு அடங்கலைன்னா அதுக்கு மாத்திரை இருக்கு, உங்களுக்குச் சரிப்படுமான்னு செக் பண்ணிட்டுக் குடுக்கிறேன். முதல் ரெண்டு வாரம் பகல்ல இன்னும் தூக்கம் வரும். அந்த ரெண்டு வாரம் பஸ்ல பிள்ளைங்க பொறுப்பு வேண்டாம்."

ஆட்டோவில் திரும்பும்போது சபீனா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தொந்தரவு உடம்புதான் என்று தெரிந்ததில் அவளுக்கு நிம்மதி வரும் என்று நான் நினைத்திருந்தேன். அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என்னை யாரும் கூப்பிடலையா அக்கா?"

பதினெட்டு வருஷம் ஊரார் பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவள். தன் பெயரைச் சொல்லி மேலேயிருந்து ஒருவர் கூப்பிடுகிறார் என்று அவளை நம்பவைத்தது என் வாய்தான்.

அன்று ராத்திரியும் அவள் மூன்று மணிக்கு எழுந்து முழங்கால் போட்டாள். மறுநாள் சொன்னாள், வார்த்தையே வரவில்லையாம். வேர்த்தது, குளிர்ந்தது, கடிகாரம் ஓடியது, அவ்வளவுதான்.

அது ரம்ஜான் மாதமும்கூட. யூசுப் விடியுமுன் எழுந்து சாப்பிட்டு நோன்பு பிடித்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினார். காலை டிரிப் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு, பஸ்ஸை வேப்பமர நிழலில் விட்டுவிட்டுக் கடைசி ஸீட்டில் ஒரு மணி நேரம் கால் நீட்டுவார். சபீனா அன்று அவரிடம் போய் நின்றாள். எத்தனையோ வருஷமாக ஒரே வண்டியில் போகிறவர்கள், அவள் தமிழ் அவருக்கும் தோடா தோடா, கொஞ்சம் கொஞ்சம், வரும்.

"பாய், நோன்புல ஒரு நாள் முடியாமப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"பீமார் ஆனா? உடம்பு கெட்டா? விட்டுடும். பின்னாடி வச்சுக்கும்."

"பின்னாடின்னா?"

"கஜா சொல்லும் பஹென். இந்த மாசத்துல விட்டது, உடம்பு டீக் ஆனதுக்கு அப்புறம் பிடிக்கணும். எத்தனை விட்டதோ அத்தனை. என் பீவிக்கு, வீட்டுக்காரிக்கு, வருஷா வருஷம் ஏழு எட்டு கஜா இருக்கும். அந்த நாள்ல நோன்பு இல்லை, லேடீஸ் எல்லாருக்கும் இருக்கும். அல்லா கோவிச்சுக்கிறதா? நை."

"பாதியில விட்டா அறுந்துபோகாதா?"

"அறுக்கிறது வேற, தள்ளி வைக்கிறது வேற." அவர் எழுந்து உட்கார்ந்தார். "பஹென், நானும் தூங்காம ஓட்டி ஒரு பச்சா அடிபட்டா, என் நோன்பை வச்சு அல்லா என்ன பண்ணும்? அதுக்குத்தான் நான் இங்க தூங்குறேன். நீ வந்து எழுப்பிட்டே."

அவள் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து நோட்டை எடுக்கச் சொன்னாள். "இருபத்தோரு நாள் முடிஞ்சது. பத்தொம்பது மிச்சம். என் பேரை மூணு மணியிலிருந்து எடுத்துடுங்க அக்கா. பொருத்தனைய உடைக்கலை. தள்ளி வைக்கிறேன். தூக்கம் திரும்பினப்புறம் பத்தொம்பதையும் பகல்ல முடிச்சிருவேன். அதுக்குப் பேரு கஜா."

"இது நம்ம வழக்கத்துல இல்லையேடி."

"இல்லாட்டி என்ன அக்கா? புத்தி யார்கிட்டேயிருந்து வந்தாலும் அனுப்புனவர் ஒருத்தர்தானே?"

நான் கோடு போட்டு அடித்தேன்.

மறுநாள் கிருஷ்ணமூர்த்தியிடம் அவளாகவே போனாள். மெமோவை விட இது கஷ்டம் என்றாள். பத்துப் பன்னிரண்டு நாள் பஸ் வேண்டாம், நர்சரி வகுப்பில் போடுங்கள் என்று கேட்க வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

"என்னம்மா உடம்புக்கு?"

ஆட்டோவில் வரும்போதே மனப்பாடம் செய்த டாக்டர் வார்த்தையை அப்படியே சொன்னாள். "மெனோபாஸ் சார்."

சண்டையெல்லாம் பார்த்த அந்த மனிதர் சட்டென்று சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். அதையே பார்த்துக்கொண்டு, "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க. பதினைஞ்சு நாள் எடுத்துக்கோங்க" என்றார். வாசல் தாண்டும்போது கூப்பிட்டார். "அம்மா, என் வீட்ல அவங்களும்... ராத்திரி பூரா நடக்குறாங்க. அந்த டாக்டர் பேர் என்ன?"

பெண்கள் ஐக்கியம்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஐயரம்மா பட்டியலை வாசித்தார்கள். மூன்று மணிக் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சபீனா? என்ன இது, அடிச்சிருக்கு?"

கூட்டத்தில் முப்பது பேர் இருப்போம். அவள் எழுந்து நின்றாள். முகம் சிவந்து கழுத்தெல்லாம் வேர்த்தது. அந்த நேரம் பார்த்து அந்தச் சூடும் வந்துவிட்டது.

"எனக்குத் தூக்கம் வேணும் ஐயரம்மா. தூங்காம ஒரு பிள்ளைய தொலைச்சேன். பன்னெண்டு நிமிஷம்."

"ஆனா ஆண்டவர் உன்னை எழுப்புறாரேம்மா. அதை வேண்டாம்னு சொல்லலாமா?" ஐயரம்மா கோபமாகக் கேட்கவில்லை, பயந்துதான் கேட்டார்கள்.

சபீனா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "எழுப்புனது என் உடம்பு ஐயரம்மா. டாக்டர் சொல்லிட்டாங்க. ரெண்டு நாளா அழுதேன். அப்புறம் யோசிச்சேன். அவர் கூப்பிட்டாரோ இல்லையோ, எழுந்ததும் இருபத்தோரு நாள் நான் அவரைக் கூப்பிட்டேன்ல? அது நான் கூப்பிட்டதுதான். அதை யாரும் எடுக்க முடியாது."

பின்வரிசையில் யாரோ, "பெரிய ஊழியக்காரின்னு நினைச்சோம்" என்று காதில் விழும்படி முணுமுணுத்தாள். சபீனாவுக்கும் கேட்டது. உட்கார்ந்துவிட்டாள். தான் வாங்கிவைத்திருந்த ஜெபச் சீட்டுகளை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்து, மற்ற மணிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னாள். நான் மூன்று மணியை எடுத்துக்கொண்டேன். அலாரம் வைத்துத்தான் எழ வேண்டியிருந்தது. முதல் ஏழு நாளில் மூன்று நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினேன். இதை ஐயரம்மாவிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் அவளுக்கு நரகம்தான். சாயங்காலம் டீ இல்லாமல் தலை வெடித்தது. பத்தரை வரை விழித்திருக்க முடியாமல் சந்தில் மேலும் கீழும் நடந்தாள். துரைராஜ் கூடவே நடந்தார், வெயில் காலம் தொடங்கிய பிறகும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. ஃபேன் சண்டைக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டுவிட்டார். "முப்பது வருஷம் ஒரே ரூம்ல கஷ்டப்பட்டாச்சு, இப்பத்தான் மூச்சு விடுறேன்" என்றார். "குறட்டை விடுறேன்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

ரத்தப் பரிசோதனையில் கொஞ்சம் ரத்தக்குறைவு தவிர ஒன்றுமில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் தொடர்ந்து நாலரை மணி நேரம் தூங்கினாள். அதை ஓடி வந்து சொன்னாள். அடுத்த நாள் மறுபடி இரண்டு தடவை விழிப்பு. சூடு முழுதும் அடங்கவில்லை, மாத்திரையைப் பற்றிப் பேச டாக்டரிடம் மறுபடி போக வேண்டும். சில ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாளாம், ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. மணி என்ன என்று பார்ப்பதில்லை. ஜெபம் பண்ணுவாயா என்று கேட்டேன். "அவரும் நானும் சும்மா உட்கார்ந்திருக்கோம் அக்கா, பேசுறதில்லை" என்றாள்.

பதினைந்து நாள் கழித்துக் கிருஷ்ணமூர்த்தி அவளை மறுபடி பஸ்ஸில் போட்டார். அதற்குச் சம்மதம் சொல்லும் முன் அவளே ஒரு நிபந்தனை வைத்தாள். ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் காலையில் போன் செய்வேன், அன்று வேறு ஆயாவை அனுப்ப வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார். இதுவரை இரண்டு முறை போன் செய்திருக்கிறாள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அந்தப் பத்தொன்பதில் முதல் நாளைத் தொடங்கினாள். பத்து மணிக்கு, வேப்பமர நிழலில் நிற்கிற பஸ்ஸில், நடு ஸீட்டில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. ரம்ஜான் எப்போதோ முடிந்திருந்தது, யூசுப் கடைசி ஸீட்டில் தூங்குவதை மட்டும் விடவில்லை. கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுமுன் பதிமூன்று நாள் முடித்தாள். மிச்சம் ஆறை மாதாப்பூரில் பிரசன்னா வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லிப் பை கட்டினாள். மகளுக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, ராத்திரி அவளுக்கும் தூக்கமில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து முழிச்சிருப்போம். ஆனா டீ கிடையாது" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.